பர்ராவா, சுப்பீரியர் ஏரியா? 1848இல் கார்ன்வால் சுரங்கக் குடும்பங்கள் போட்ட கணக்கு

உருளைக்கிழங்கு அழுகி, ரொட்டி விலை ஏறியிருந்த காலம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் செம்பு வெட்டியவனுக்கு வெளியே வேலை தயாராக இருந்தது. தென் ஆஸ்திரேலியக் காலனியில் பர்ரா சுரங்கம், அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் கிளிஃப் சுரங்கம். இரண்டும் 1845இல் தொடங்கியவை. தொழில் ஒன்றுதான். பெண்டாட்டி பிள்ளையோடு போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி.

கையில் காசில்லாதவனுக்கு பர்ராதான் தோது. காலனி நிலம் விற்ற பணத்திலிருந்து கப்பல் கட்டணம் கிடைத்தது. ஆனால் இலவசம் என்றதும் ஏறிவிட முடியாது. பெரியம்மைத் தடுப்பூசி கட்டாயம். ஆணுக்கு ஆறு சட்டை, இரண்டு முழு உடுப்பு. பெண்ணுக்கு இரண்டு கவுன், இரண்டு ஃபிளானல் உள்பாவாடை. இருவருக்கும் ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி காலணி. இதெல்லாம் சொந்தச் செலவு. சோப்பில்தான் பலர் கோட்டைவிட்டார்கள்: சாதா சோப்பு கடல் நீரில் நுரைக்காது, கப்பலுக்கென்றே விற்கும் சோப்பு வேண்டும். மெத்தை, தட்டு, குவளை கப்பலிலேயே தருவார்கள். ஒழுங்காக இருந்தால் இறங்கும்போது அவை சொந்தம்.

விலை வேறு இடத்தில் இருந்தது. பாய்மரத்தில் மூன்று, நான்கு மாதம். ஒரு பிள்ளை தட்டம்மையோடு ஏறினால் போதும், கீழ்த்தளம் முழுக்கப் பரவிவிடும். தென்கடல் புயலில் மேல்மூடிகளை அடைத்துவிட்டால் காற்றும் கிடையாது. பால்குடி மறந்த குழந்தைக்கு உப்புக்கண்டமும் பிஸ்கட்டும்தான். வயிற்றுப்போக்கு பிடித்தால் தப்புவது கடினம். கப்பல் மருத்துவருக்கு உயிரோடு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் படுக்கைகளை மேலே கொண்டுவந்து உலர்த்தச் சொல்லி அவர் விரட்டியதில் ஆச்சரியமில்லை.

அமெரிக்கக் கப்பலில் மருத்துவர் இருப்பது அரிது. கட்டணம் சில பவுண்டு, பயணம் ஐந்து முதல் எட்டு வாரம். மேல்தளத்து அடுப்பில் முறைவைத்துச் சமைக்க வேண்டும். புயல் என்றால் அடுப்பு அணையும். நியூயார்க்கில் இறங்கினாலும் பாதி வழிதான். கால்வாய், ஏரிகள் எல்லாம் தாண்டி சுப்பீரியர் ஏரியின் வாசலான சூ செயின்ட் மேரி அருவிப்பாய்ச்சலில் சாமானை இறக்கிச் சுமந்து, அந்தப் பக்கம் வேறு கப்பல் பிடிக்க வேண்டும். அங்கே கால்வாய் திறந்தது 1855இல்தான். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும் என்பதால் வசந்தத்திலேயே கிளம்பியாக வேண்டும்.

போன பிறகு? பர்ராவில் மலக்கைட் என்ற பச்சைச் செம்புத் தாது மேலாகவே கிடந்தது, வெட்டச் சுலபம். வீடுதான் இல்லை: சுமார் 1,800 பேர் ஓடைக்கரையைக் குடைந்து குடியிருந்தார்கள், 1851 வெள்ளம் அந்தக் குழிகளுக்குள் புகுந்தது. சுப்பீரியரில் தாதுவாக அல்லாமல் உலோகமாகவே உள்ள தனிச்செம்பு டன் கணக்கான கட்டிகளாகக் கிடைத்தது. கேட்க நன்றாயிருக்கும், ஆனால் அது வெடிக்கு உடையாது, உளியால் துண்டு துண்டாக அறுத்தெடுக்க வேண்டும்.

பிள்ளைகள் பத்து வயது தாண்டியிருந்தால் பர்ரா. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்றால் ஆண் மட்டும் முதலில் அமெரிக்கா போய்ப் பணம் அனுப்புவது மேல், அனுப்புகிற ஆளாக இருந்தால்.