ஏரிக்கரைல ஒரு நாள்: பிரிட்ஜ் கேமராவா, 100-400 லென்ஸா?

பறவை மட்டும்னா பேச்சே இல்ல, பெரிய லென்ஸை மாட்டிட்டு கிளம்பிடலாம். அதே நாள்ல வயல்வெளி, வரப்பு, பனிமூட்டம்னு லேண்ட்ஸ்கேப்பும் எடுக்கணும், சாயங்காலம் வரைக்கும் தோள்ல சுமக்கவும் செய்யணும்னா தான் குழப்பம் ஆரம்பிக்குது. மூணு செட்டப்பை மட்டும் பார்ப்போம்: பிரிட்ஜ் கேமராவுல, அதாவது லென்ஸைக் கழட்ட முடியாத பெரிய ஜூம் கேமராவுல, நிக்கான் பி1000, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, அப்புறம் லென்ஸ் மாத்துற கேனான் ஆர்10 கூட ஆர்எஃப் 100-400 மிமீ லென்ஸும், 18-45 மிமீ கிட் லென்ஸும்.

லென்ஸ் மாத்துற கேமரான்னாலே கனம்னு ஒரு நெனப்பு இருக்குல்ல, இங்க அது தலைகீழ். கேனான் பாடி, ரெண்டு லென்ஸ் எல்லாம் சேர்த்தே 1200 கிராம் பக்கம் தான் வருது, பி1000 தனியாவே 1400 கிராமைத் தாண்டுது, சோனி சுமார் 1100.

பி1000-ல எல்லாரையும் இழுக்கறது அந்த 3000 மிமீ ஜூம். ஆனா வெயில் ஏறி தண்ணி மேலயும் சேத்து மேலயும் காத்து நெளிய ஆரம்பிச்சிடுச்சுன்னா, 200 மீட்டர் தள்ளி நிக்கற நாரையை எவ்வளவு இழுத்தாலும் இறகு தெளிவா வராது, அதை எந்த லென்ஸாலயும் சரிபண்ண முடியாது, கிட்டப் போகணும், இல்ல விடியக்காலைலயே போயிடணும். விடியக்காலைன்னா வெளிச்சம் கம்மி, முழு ஜூம்ல எஃப்/8 (எஃப் நம்பர் ஏற ஏற லென்ஸ் உள்ள விடற வெளிச்சம் குறையும்), சென்சாரும் குட்டி, ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், ஏறி டீடெயில் எல்லாம் போயிடும். அசையாம நிக்கற பறவைக்கும் நிலாவுக்கும் ஓகே. பறக்கறதுக்கு வேண்டாம்.

நிஜமான போட்டி மத்த ரெண்டுக்கும் தான். சோனி 600-ல எஃப்/4, கேனான் 400-ல எஃப்/8, க்ராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்ங்கறதால அது 640 மாதிரி தெரியும். நம்பரைப் பார்த்தா சோனி ரெண்டு ஸ்டாப் முன்னாடி நிக்குது (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்), ஆனா கேனானோட சென்சார் பரப்பு சோனியோட 1 இன்ச் சென்சாரை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு, அதைக் கணக்குல எடுத்தா மிச்சம் அரை ஸ்டாப் தான். அதுக்காக மண்டையை உடைச்சுக்க வேண்டியதில்ல.

வித்தியாசம் தெரியறது ஃபோகஸ்ல. நாணலுக்குள்ள தாழைக்கோழி நடக்கும்போது முன்னாடி ஆடுற புல்லுலயே ஃபோகஸ் ஒட்டிக்கும், பறவை மங்கலா பின்னாடி போயிட்டே இருக்கும். கேனான் பறவையோட கண்ணைத் தேடிப் பிடிக்கும், எப்பவும் இல்ல, ஆனா நாம ஃபோகஸ் பாயிண்ட்டை நகர்த்தறதை விட வேகமா. சோனி நொடிக்கு 24 ஷாட் அடிச்சாலும் பாயிண்ட்டைப் பறவை மேல வெச்சுக்கறது நம்ம வேலை. கேனான்ல எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா இறக்கை வளைஞ்சு வர சான்ஸ் இருக்கு, மெக்கானிக்கல் ஷட்டர்ல நொடிக்கு வர்ற 15 ஷாட்டே தாராளம்.

கரையோரம் கேமராவைத் தரையோட வெச்சு எடுக்கறதுக்கும் கேனான் தான் வசதி, ஸ்க்ரீன் எல்லாப் பக்கமும் திரும்பும், சோனில மேலயும் கீழயும் மட்டும். ஆனா பனி ஈரம், தூசிக்கு சோனி ஓரளவு தாங்கும், அந்தக் கேனான் செட்டுக்கு ஈரமும் தூசியும் உள்ள போகாம தடுக்கற சீலிங் கிடையாது.

சீனரிக்கு வந்தா சோனி சொகுசு, நெடுங்கால் உள்ளானை எடுத்துட்டு இருக்கும்போதே பின்னாடி பனி விலகுதுன்னா அப்படியே ஜூமைக் குறைச்சு 24 மிமீ வைடுக்கு வந்துடலாம், கேனான்ல காத்துல தூசியில லென்ஸைக் கழட்டணும், அதுவும் 45-க்கும் 100-க்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆனா பனிக்குள்ள அடுக்கடுக்கா நிக்கற மரவரிசையை 100, 150-ல எடுத்துப் பாருங்க, வைடு ஆங்கிள்ல வர்றதை விட எனக்கு அது தான் பிடிக்கும்.

பறவை தான் முக்கியம்னா கண்ணை மூடிட்டு கேனான், பாதிக்குப் பாதின்னா சோனி. எதை எடுத்தாலும் பறக்கறதுக்கு ஷட்டர் ஸ்பீடை 1/2000 நொடி வெச்சுடுங்க, இருண்ட பின்னணில வெள்ளைக் கொக்குன்னா எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைங்க, பளிச்சுனு இருக்கற வானத்துல நீர்க்காகம்னா ஒரு ஸ்டாப் ஏத்துங்க.