நிச்சயதார்த்த ஷூட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆவணியில் எங்களுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அதற்கு முன்பே இருவரும் சேர்ந்து ஒரு அவுட்டோர் ஷூட் எடுத்து, மண்டப வாசல் பேனருக்கும் வாட்ஸ்அப் அழைப்பு வீடியோவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசினோம். தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் புக் செய்தோம். பேக்கேஜ் 48,000 ரூபாய். முழுப் பணமும் போய்விட்டது. கைக்கு வந்தவை நாற்பது சொச்சம் படங்கள், அவற்றிலும் பாதியை யாருக்கும் காட்ட முடியாது. தை முகூர்த்தத்துக்கு இப்போது ஸ்டுடியோ தேடிக்கொண்டிருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இது நடக்கக் கூடாது.

ஸ்டுடியோக்காரர் பேசிய விதத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. டேப்லெட்டில் அருமையான படங்களாகக் காட்டினார். "நானே வந்து எடுப்பேன் மேடம். கூட ஒரு கேண்டிட் ஆள், ஒரு வீடியோ ஆள், ட்ரோன், எல்லாம் இதிலேயே அடக்கம்" என்றார். காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, மாலையில் ஒகேனக்கல்லில் பரிசல் என்று திட்டம் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். 25,000 ரூபாயை அன்றே ஜிபேயில் போட்டோம்.

எவ்வளவு ஆசையாகத் தயாரானோம் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு நிச்சயமானவர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டார். அணைக்கு அரக்குப் பட்டு, ஆற்றுக்கு இளமஞ்சள் காட்டன் புடவை, அதற்குப் பொருத்தமாக அவருக்குச் சட்டை என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். கேமரா முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று என் தம்பி எங்கள் வீட்டு மாடியில் எங்களை நடக்கவிட்டு, செல்போனில் எடுத்துப் பழக்கினான். மேக்கப் போடும் அக்கா விடிகாலை மூன்றரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆறு மணிக்கு நாங்கள் அணையில் இருந்தோம். கேமரா வரவில்லை. பத்தரைக்கு மேல் இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். ஸ்டுடியோக்காரருக்கு வேறு ஊரில் கல்யாணமாம், போனை எடுக்கவே இல்லை. ட்ரோனும் கிடையாது. காலை ஆறு மணி என்பது சும்மா கேட்கிற நேரமல்ல. அப்போதுதான் வெளிச்சம் சாய்வாக, இதமாக முகத்தில் விழும். உச்சி வெயில் நெருங்க நெருங்கக் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், பட்டுச் சரிகை வெளுத்துப்போகும், கண்ணைச் சுருக்காமல் நிற்கவும் முடியாது. எங்கள் அணைப் படங்கள் எல்லாமே அந்த வெயிலில் எடுத்தவை.

ஒகேனக்கல் விஷயம் இன்னும் மோசம். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரி நீர் திறந்தால், தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர்வரத்து ஏறும். உடனே மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போடும். ஆடி, ஆவணியில் இது அடிக்கடி நடப்பது, பேப்பரிலும் தவறாமல் வருவது. தருமபுரியில் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. தடை இருக்கிறதே என்று நான் முந்தின நாளே கேட்டேன். "நமக்குத் தெரிஞ்ச பரிசல்காரர் இருக்கார், பார்த்துக்கலாம் மேடம்" என்றார். தடை இருக்கும்போது பரிசல் இறங்கவே கூடாது. உயிர் போகிற விஷயத்தில்கூட வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினார் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர் போய், தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று, மரத்தடியிலும் சாலையோரத்திலும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

வரும் வழியில் டீக்கடையில்தான் உண்மை தெரிந்தது. அந்தப் பையன்கள் ஸ்டுடியோ ஆட்களே இல்லை. நாள் கூலிக்கு வருகிறவர்கள், கேமராவும் அதிலுள்ள மெமரி கார்டும் அவர்களுடையவை. "போன மாசம் எடுத்ததுக்கே இன்னும் கூலி வரலக்கா" என்றான் மூத்தவன். ஒரே தேதியில் நாலைந்து புக்கிங் பிடிப்பது, அட்வான்ஸை வாங்கிக்கொள்வது, கிடைத்தவர்களைக் குறைந்த கூலிக்கு அனுப்புவது, கூலியையும் இழுத்தடிப்பது. இதுதான் அந்த ஸ்டுடியோ நடக்கும் விதம். பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்புறம் நடந்தது இதுதான். மீதிப் பணம் வந்தால்தான் படம் என்றார் ஸ்டுடியோக்காரர். நிச்சயம் நெருங்கிவிட்டதால் 23,000 ரூபாயையும் அனுப்பினோம். பையனுக்குக் கூலி போகவில்லை, அதனால் மாலை எடுத்த கார்டு அவனிடமே நின்றது. அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு தேவைப்பட்டபோது அதை ஃபார்மெட் செய்து மேலேயே எடுத்துவிட்டான். ஃபார்மெட் மட்டும் செய்திருந்தால் ரெகவரி சாஃப்ட்வேரில் மீட்க வாய்ப்பு உண்டு. மேலே புதிதாக எடுத்துவிட்டால் அவ்வளவுதான். ஒகேனக்கல் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பேனருக்குத் தம்பி மாடியில் எடுத்த படத்தைத்தான் போட்டோம்.

கைக்கு வந்த அணைப் படங்களில் என்னை வெள்ளையாக மாற்றியிருந்தார்கள். நான் மாநிறம். என் அம்மாவும் அதே நிறம். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தப் படங்களில் சுமாரான சிலதை எங்களைக் கேட்காமல் இன்ஸ்டாவில் விளம்பரமாகவும் போட்டிருந்தார். அதே பக்கத்தில் அவர் போட்டிருந்த மற்ற படங்களை, டேப்லெட்டில் எங்களுக்குக் காட்டியவைதான், கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். பல படங்கள் வேறு மாநிலப் போட்டோகிராபர்களுடையவை.

ஆகவே யாரிடம் போனாலும், பொறுக்கி எடுத்த பத்துப் படத்தை நம்பாதீர்கள். ஒரே ஜோடியின் முழு ஆல்பத்தைக் கேளுங்கள், முடிந்தால் அந்தக் குடும்பத்திடமே பேசுங்கள். கேமராவோடு யார் வருவார், எத்தனை மணிக்கு, தடை வந்தால் மாற்று இடம் எது, படம் எப்போது கைக்கு வரும், எல்லாம் பில்லில் எழுத்தாக இருக்கட்டும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது கார்டுதான். அன்று மாலையே உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி ஏற்றித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ட்ரோன் உண்டு என்றால் சான்றிதழைக் கேளுங்கள். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்ட, 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரையில், 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் நாம்தான். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கால வரம்பு 2 ஆண்டுகள், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே ரசீதையும் அழித்துவிடாதீர்கள். எங்களிடம் முறையான பில் இல்லை, அவைதான் இப்போது ஆதாரம்.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம், பதில் வரவில்லை. தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். அது நடப்பதால் ஸ்டுடியோ பெயரை இப்போது எழுதவில்லை. யாரும் ஊகித்து வேறு கடைகளின் பெயரை இழுக்க வேண்டாம். ஒழுங்காக எடுத்துக் கொடுக்கிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். இதேபோல் படம் வராமல் காத்திருக்கும் ஜோடிகள் இருந்தால், இரண்டு ஆண்டு கடப்பதற்குள் நீங்களும் புகார் கொடுத்துவிடுங்கள்.