பகுதி நேரமா, முழு நேரமா?

16 வார மகப்பேறு விடுப்பு முடியும்போது சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்வி வந்தது. வந்தது என்னிடம் மட்டும். கணவரிடம் யாரும் கேட்கவில்லை.

வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் கீழே என்றால் பகுதி நேரம். பிள்ளையோடு இருக்கலாம், சரி. மசேநி, அதாவது மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 4,000 வெள்ளிச் சம்பளத்துக்கு 37 விழுக்காடு, அதாவது மாதம் 1,480 வெள்ளி சேரும். பாதிச் சம்பளம் என்றால் 740தான். வீட்டுக் கடன் அதிலிருந்துதானே போகிறது! பதவி உயர்வுப் பேச்சு வரும்போது பாதி நாள் இருப்பவள் பெயர் யாருக்கு நினைவுக்கு வரும்?

முழு நேரத்திலேயே நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்பது இன்னொரு வழி. 2024 டிசம்பர் 1 முதல் முறைப்படி கேட்டால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். மறுக்கவே கூடாது என்றில்லை. குழந்தைப் பராமரிப்பு நிலையம் மாலை 7 மணிக்கு மூடிவிடும். அந்த ஓட்டம் யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எழுபதுகளில் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மாமி இரவு ஷிஃப்டு பார்த்துவிட்டு வந்து சமைத்தாராம். “எனக்கு யாரும்மா சாய்ஸ் கொடுத்தா?” என்றார்.

நான் இரண்டாவது வழியை, நீக்குப்போக்கான முழு நேரத்தை, தேர்ந்தெடுத்தேன். செவ்வாயும் வியாழனும் பிள்ளையைக் கூட்டிவருவது கணவர்.