கச்சானா, வாடையா?

மட்டக்களப்பில் கச்சான் என்றால் வறுத்த நிலக்கடலை மட்டுமல்ல, ஒரு காற்றும்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி, இரத்தினபுரிப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. பீதுருதாலகாலை மட்டும் 2,524 மீற்றர் உயரம், லேசில் விடுமா? மலையிறங்கும்போது சூடேறி, எங்களிடம் வெறும் அனலாக வந்து சேரும். கொடியில் போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுப்பாகிவிடும்.

வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று அப்படியல்ல. டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே வரும். நடுவில் மறிக்க மலையில்லை. வாவி நிரம்பும், பெரும்போக நெல் விளையும், சில வருசம் வெள்ளம் வீட்டுக்குள்ளும் வரும்.

சரி, எது என்று கேட்டால் எனக்கு வாடைதான். கச்சான் காலத்துச் சிறுபோக நெல்லுக்கும், வாடை நிரப்பிய சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்துத் தண்ணீர்தானே அம்பாறை வயல்களில் பாய்கிறது.