வால்பாறையா, ஆகும்பேயா? பாம்பு பார்க்கக் கிளம்பும் முன்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து மழைக்காட்டுக்குப் போய்ப் பாம்பு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். வால்பாறை போகலாமா, ஆகும்பே போகலாமா? இரண்டு ஊரிலும் தங்கித் தேடியிருக்கிறேன். பாம்புதான் குறி என்றால் ஆகும்பே. ஆனால் அதற்கு முன்னால் நம் ஊர்க் கண்மாய்க்கரையில் நாலு ராத்திரி நடந்து பழகியிருக்க வேண்டும்.

போய்வரச் சுலபம் வால்பாறைதான். திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாக அரைநாளில் ஆழியாறு வந்துவிடும். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே பாறையோரம் வரையாடு நிற்கும். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகளை, அதாவது சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் இறக்கைச் சத்தமே நம்மை நிமிர வைக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பாம்பு என்று வந்தால்தான் சிக்கல். மழைக்காட்டுப் பாம்புகளில் பலவும் இரவில்தான் வெளியே வரும். வால்பாறையில் இருட்டிய பிறகு யானையும் சிறுத்தையும் நடமாடும். யானை பக்கத்தில் இருப்பதைத் தெரிவிக்கச் சிவப்பு விளக்குகளே வைத்திருக்கிறார்கள். சுற்றியிருக்கும் புலிகள் காப்பகத்துக்குள் நாம் இரவில் நடக்கவும் முடியாது. எனக்கு அங்கே கிடைத்தது, மழை விட்ட ஒரு காலையில் பாதையில் ஊர்ந்துகொண்டிருந்த கேடயவால் பாம்பு ஒன்றுதான். மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும் சாது. இந்தக் குடும்பத்துப் பாம்புகள் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அந்த ஒன்றுக்காக நான் இன்னொரு முறையும் போவேன்.

ஆகும்பே கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கிறது. திருச்சி, பெங்களூரு, சிவமொக்கா என்று வண்டி மாறிப் போக ஒரு முழு நாளுக்குக் குறையாது. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. நம் சீமையில் பெய்வதைப் போல ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005-ல் அங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். ராஜநாகத்தின் உடலில் ரேடியோ கருவி பொருத்தி, அது போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து படித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல் பிரித்து, காளிங்கா என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ராஜநாகத்தை நம்பிப் போகாதீர்கள். அது கண்ணில் படுவது அதிர்ஷ்டம். நம்பிப் போக வேண்டியது மலபார் குழிவிரியனை. ஜூனில் மழை பிடித்த பிறகு ஓடைக்கரைப் புதர்களில், கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில், சுருண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, இன்னொன்று மஞ்சள். ஒரே இனம்தான். நேற்று இருந்த கிளையிலேயே இன்றும் இருக்கும், தவளை வரும்வரை அசையாது. அங்குள்ள வழிகாட்டி விரலை நீட்டிக் காட்டிய பிறகும் எனக்கு அது தெரிய இரண்டு நிமிடம் ஆனது.

அதனால்தான் கண்மாய்க்கரை என்கிறேன். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் தவளையின் கண் மின்னும், புல்லில் சிலந்தியின் கண் வைரப்பொடி மாதிரி மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னாது. உடம்பின் வளைவையும் செதிலின் பளபளப்பையும்தான் தேட வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த பாம்புகள், ஆகும்பேயில் ஒரு முழு இரவில் பார்த்ததைவிட அதிகம். தண்ணீர்ப்பாம்பு அலுக்கும் அளவுக்குக் கிடைக்கும். மழைக்காட்டில் வகை அதிகம், கண்ணில் படுவது குறைவு.

ஆபத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நம் பக்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் உயிரை வாங்கக்கூடியவை. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கென்றே செய்தது. குழிவிரியன்களின் விஷத்துக்கு அது பயன்படாது. மலபார் குழிவிரியன் கடித்துச் சாவது அபூர்வம்தான், ஆனால் அதே காட்டுச் சருகில் கிடக்கும் கூம்பு மூக்குக் குழிவிரியன் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அதனால் எங்கேயும் கைவைக்காமல் பாருங்கள். பிடிப்பது சட்டப்படியும் குற்றம்.

கண்மாய்க்கும் தனியாகப் போக வேண்டாம். பின்கட்டுக்குப் போவதென்றாலே எங்கள் அப்பத்தா, “விளக்கை எடுத்துக்கிட்டு, காலடி பார்த்துப் போடா தம்பி” என்பார். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். கணுக்காலை மூடும் பூட்ஸ், துணைக்கு ஓர் ஆள், செல்போனில் சார்ஜ், மூன்றும் கட்டாயம்.

ஐப்பசியில் தொடங்கினால் ஆனிக்குள் கண் பழகிவிடும். ஆகும்பேக்கு டிக்கெட் போடும்போதே அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க முழங்கால் வரை வரும் துணி உறையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு நடைக்கு உள்ளூர் வழிகாட்டியையும் அனுமதியையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.