ஜிம்மில் சேரப் போகிறவர்களுக்கு: விசாரிக்கப் போய் 48,380 ரூபாய்க் கடனுடன் திரும்பிய கதை

மதுரையில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு ஜிம்மில் 2026 ஜனவரியில் சேர்ந்தேன். எனக்கு வயது 38. அதுவரை டம்பெல்லைக் கையால் தொட்டதில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதால், கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வரலாம் என்று ஒரு மாலை அலுவலகம் முடிந்து போனவள், ஒரு மணி நேரம் கழித்து 48,380 ரூபாய்க் கடனுடன் படியிறங்கினேன். புகார் நிலுவையில் இருப்பதால் அந்த ஜிம்மின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அந்த மேசையில் நடந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும். பிறகு நான் விசாரிக்கப் போன வேறு இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ அதே முறையைத்தான் பார்த்தேன்.

மாதக் கட்டணம் எவ்வளவு என்ற என் முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. “முதலில் உங்கள் உடம்பைப் பார்த்துவிடுவோம் மேடம், இது இலவசம்” என்று சொல்லி, ஓர் எடைக் கருவியின் மேல் வெறுங்காலுடன் நிற்க வைத்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னார்கள். அச்சிட்டு வந்த சீட்டில் கொழுப்பு 41 சதவீதம் என்றும் ‘உடல் வயது’ 52 என்றும் இருந்தது. விற்பனையாளர் சிவப்புப் பேனாவால் அந்த 52-ஐ இரண்டு முறை வட்டமிட்டு, சீட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்துக்குத்தான் நான் பணம் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கருவி உடம்பினுள் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையைக் கொண்டு கொழுப்பைக் கணிக்கிறது. குடித்த தண்ணீர், சாப்பிட்ட உணவு, சற்றுமுன் செய்த உடற்பயிற்சி என எல்லாமே அந்தக் கணக்கை மாற்றிவிடும். நான் இரண்டு தேநீரும் ஒரு வடையும் முடித்துவிட்டுப் போயிருந்தேன். மூன்று வாரம் கழித்து, காலையில் வெறும் வயிற்றோடு அதே கருவியில் ஏறியபோது கொழுப்பு 36 என்று காட்டியது. மூன்று வாரத்தில் ஐந்து சதவீதம் கரைக்கும் அளவுக்கு நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. ‘உடல் வயது’ என்பது கருவியைச் செய்த நிறுவனத்தின் சொந்தச் சூத்திரம். எந்த மருத்துவரும் அதை நோயறிதலாக எடுத்துக்கொள்வதில்லை.

சீட்டுக்குப் பிறகுதான் விலை வந்தது. ஆண்டுக்கு 24,000 ரூபாய் என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 14,000 என்று எழுதினார்; இன்று மட்டும் என்றார். நவம்பரில் அங்கே சேர்ந்த என் அலுவலகத் தோழியும் இதே 14,000-தான், அதுவும் ‘இன்று மட்டும்’ கட்டியிருந்தார் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. இந்த உடம்போடு தனியாகப் பயிற்சி செய்தால் முட்டி போய்விடும் என்று பயமுறுத்தி, 36 வகுப்புகளுக்கு 27,000 ரூபாய் என்று தனிப் பயிற்சியாளரையும் சேர்த்துவிட்டார். பெண் பயிற்சியாளர் மாலையிலும் இருப்பாரா என்று கேட்டேன். இருப்பார் என்றார். கையெழுத்திடும் வரை ‘மேடம்’ ஆக இருந்த நான் அதன் பிறகு ‘அக்கா’ ஆகி, பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளில் மறுபடியும் ‘மேடம்’ ஆனேன்.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்றதும், வட்டியில்லாத் தவணை இருப்பதாகச் சொல்லி, “நானே போட்டுத் தருகிறேன்” என்று என் கைபேசியை வாங்கிக்கொண்டார். பான் எண்ணைக் கேட்டார், ஓடிபி வந்தது, அதை நானே வாசித்துக் காட்டினேன். மாதம் 4,032 ரூபாயாகப் பன்னிரண்டு மாதம் ஜிம்முக்குத் தவணை கட்டப் போகிறேன் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுத்த கடன். நிதி நிறுவனம் ஜிம்முக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. நான் ஜிம்முக்குப் போனாலும் போகாவிட்டாலும் நிதி நிறுவனத்துக்குக் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் (கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண்) இறங்கும். இத்தகைய டிஜிட்டல் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவரிடம் தர வேண்டும் என்பதும், அபராதமின்றி விலகிக்கொள்ளத் தொடக்கத்தில் குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாள் என் மின்னஞ்சலுக்கு வந்துதான் இருந்தது. நான் அதைத் திறந்து பார்த்தது பதினேழாம் நாள்.

ரசீதை இரண்டு வாரம் விடாமல் கேட்ட பிறகே கொடுத்தார்கள். 41,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 7,380 ரூபாய் என்று போட்டிருந்தது. உடற்பயிற்சி நிலையங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதன்படி வரி 2,050 ரூபாய்தான். வித்தியாசம் 5,330 ரூபாய். சுட்டிக்காட்டியபோது, மென்பொருள் இன்னும் மாறவில்லை என்று மேலாளர் சொன்னார்.

பயிற்சி முதல் நாளே கோணலாகிவிட்டது. மாலையில் பெண் பயிற்சியாளர் எவரும் இல்லை. பெண் பயிற்சியாளருக்கான நேரம் காலை 11 முதல் மாலை 4 வரை என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு ஒதுக்கப்பட்ட இளைஞர் முதல் வகுப்பிலேயே நூறு ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்ய வைத்தார். அறுபதாவதில் கால் நடுங்குகிறது என்றேன். கொழுப்பு கரையும் அறிகுறி அது என்றார். நான்கு நாள் படியிறங்கக் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது. அந்த வலி தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. கொழுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி வதைத்தால் தசை சிதைந்து, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போய், சிறுநீரகம் வரை பாதிக்கப்படுவதும் உண்டு; அப்படி நிறம் மாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்லவேளையாக எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை.

இரண்டாம் வாரம் புரதப் பொடி வந்தது. மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த இரண்டு கிலோ டப்பா, 6,800 ரூபாய், ரசீது கிடையாது. என் 71 கிலோவுக்கு நாளொன்றுக்கு 142 கிராம் புரதம் வேண்டும் என்று பயிற்சியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், எனக்கு 59 கிராம். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடி சாப்பிடுவதைத் தவிர்க்கும்படியும் அந்த நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. கடும் பயிற்சி செய்பவருக்குத் தேவை கூடும் என்பது உண்மைதான். நான் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது, இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் காணவில்லை. காலாவதித் தேதியின் மேல் வேறொரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. வாங்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மார்ச் மாதம் அந்தப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார். என் 36 வகுப்புகளில் 22 மீதமிருந்தன. தொண்ணூறு நாளில் வகுப்புகள் காலாவதி ஆகிவிடும் என்றும், ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று நான் கையெழுத்திட்டிருக்கிறேன் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வரி எல்லாவற்றையும் முடித்துவிடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்த பிறகே, குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். நடந்ததைத் தேதி வாரியாக எழுதி ஜிம்முக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். பத்தாம் நாள் வரி வித்தியாசம் 5,330 ரூபாய் மட்டும் என் கணக்குக்கு வந்தது.

இப்போது வேறொரு சிறிய ஜிம்முக்கு மாதம் 1,200 ரூபாய் கட்டிப் போகிறேன். அங்கும் அந்தக் கருவி இருந்தது, ஏற மறுத்தேன். “விலைப்பட்டியலைத் தாளில் கொடுங்கள், முடிவை நாளை சொல்கிறேன்” என்றேன். ஏன், எதற்கு என்று அவர்கள் கேட்டபோது காரணம் சொல்லவில்லை. என் முதல் தவறே காரணம் சொன்னதுதான்: பணம் இல்லை என்றேன், தவணை வந்தது, பயமாக இருக்கிறது என்றேன், தனிப் பயிற்சியாளர் வந்தார். கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் போனபோதும் விலை மாறியிருக்கவில்லை. அங்குள்ள பயிற்சியாளர் எடையைக் கூட்டும்போது “இன்றைக்கு இது போதும் தம்பி” என்கிறேன். தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார். இவ்வளவு எளிதாக முடியும் என்று ஜனவரியில் எனக்குத் தெரியாது.

மீதமுள்ள 22 வகுப்புகளுக்கான பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகப் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. ரசீது, ஒப்பந்தம், வகுப்புகளின் வருகைப் பதிவு, சிவப்பு வட்டமிட்ட சீட்டு எல்லாவற்றையும் இணைத்துவிட்டேன். பெண் பயிற்சியாளர் மாலையிலும் இருப்பார் என்று விற்பனையாளர் சொன்னதற்கு மட்டும் என்னிடம் எந்தத் தாளும் இல்லை.