ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்காமலேயே என் குடலைக் குணப்படுத்த வந்தவர்கள்

குடலில் தீராத அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும் குரோன் நோய் என்று தெரிந்த முதல் மூன்று மாதத்திற்குள் நான் ஏமாந்த தொகை 50,500 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி. விற்றவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை; புகார் நிலுவையில் இருக்கிறது. சொன்னாலும் பெரிய பயனில்லை, இதே சரக்கு பத்துப் பெயரில் விற்பனையாகிறது. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன் நான். தொப்புளுக்கு வலப்புறம் கீழே வலி, நாளுக்கு ஆறேழு முறை பேதி, 66 கிலோவிலிருந்து 54க்கு இறங்கிய எடை. குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கோலனோஸ்கோபியில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள் தெரிந்தன. நம் நாட்டில் இப்படிப் புண் இருந்தால் குடல் காசநோயா, குரோனா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சாடையில் ஒன்றுபோல இருக்கும். அதனால் முதலில் இரண்டு மாதம் காசநோய் மாத்திரை. மறுபடி உள்ளே பார்த்தபோது புண் ஆறவில்லை. அப்போதுதான் குரோன் என்று முடிவானது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 40 மில்லிகிராமில் தொடங்கி வாரம் ஐந்து ஐந்தாகக் குறைத்து எட்டு வாரத்தில் நிறுத்த வேண்டும். கூடவே நீண்ட காலத்துக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோபிரின்.

டாக்டர் கெட்டிக்காரர். ஆனால் அறைக்கு வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். “என்ன சாப்பிடலாம் டாக்டர்?” என்று கேட்டேன். “காரத்தைக் குறையுங்கள், வெளியே சாப்பிடாதீர்கள், மற்றபடி எல்லாம் சாப்பிடலாம்” என்றார். அன்று இரவு “உனக்கு என்னடா சமைப்பது?” என்று அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போனை எடுத்துத் தேடினேன். அந்த இடைவெளியில்தான் அவர்கள் நுழைந்தார்கள்.

‘குடல் நல ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்ட அந்தப் பெண்மணி வீடியோ அழைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் காதுகொடுத்துக் கேட்டார். ஆறு மாதத்தில் என்னிடம் அவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. தூக்கம், மனக்கவலை, சிறுவயதில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் எல்லாம் விசாரித்தார். “சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பட்டுமா மேடம்?” என்று நானாகத்தான் கேட்டேன். “அதெல்லாம் எதற்கு அண்ணா? நோய்க்குப் பெயர் வைப்பது அவர்கள் வேலை. எங்களுக்கு வேர் ஒன்றுதான், உங்கள் குடல் கசிகிறது” என்றார்.

அந்த ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில், சிறுகுடலின் கடைசிப் பகுதி நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுருங்கியிருக்கிறது என்று இருந்தது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிற நான், அந்த வரியைப் படித்தும் யோசிக்காமல் விட்டேன்.

முதலில் 14,500 ரூபாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இருநூறு உணவுகளில் எது எனக்கு ஆகாது என்று அதில் தெரிந்துவிடுமாம். சிவப்புக் கட்டத்தில் வந்தவை: அரிசி, துவரம்பருப்பு, முட்டை, பால், தயிர். அதாவது நான் தினமும் சாப்பிடுகிற எல்லாம். கொங்கு நாட்டில் பிறந்தவனிடம் அரிசிம்பருப்புச் சோறு விஷம் என்கிறது ஒரு காகிதம்! அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனை. ஓர் உணவை அடிக்கடி சாப்பிட்டாலே அந்தப் புரதம் ரத்தத்தில் இருக்கும். அதை வைத்து உணவை விலக்கக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் அமைப்புகள் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டன. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து 36,000 ரூபாய்க்கு மூன்று மாதத் தொகுப்பு. மூலிகைப் பொடி நான்கு டப்பா, மஞ்சள் மாத்திரை, ‘நல்ல பாக்டீரியா’ அடங்கிய புரோபயாடிக், கற்றாழைச் சாறு, ‘வைட்டமின் மிட்டாய்’. பணம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போனது. பில் இல்லை.

பொடி தொடங்கிய பத்தாம் நாள் வலி குறைந்தது, பசி எடுத்தது, மூன்று கிலோ கூடினேன். மகிழ்ச்சியில் அவர்கள் கேட்டபடி பாராட்டு வீடியோகூட எடுத்து அனுப்பினேன். அப்போது நான் 30 மில்லிகிராம் ஸ்டீராய்டில் இருந்தேன். பசியும் தெம்பும் அதன் வேலை. ஸ்டீராய்டு உழைத்தது, பொடி பெயர் வாங்கியது. இந்த ஒரு தந்திரத்தை மட்டுமாவது நினைவில் வையுங்கள். புதிதாக நோய் தெரிந்தவர்களை இவர்கள் தேடிப் பிடிப்பதே இதற்காகத்தான்.

ஐந்தாம் வாரம், “அசாதயோபிரின் ஈரலைக் கெடுக்கும் அண்ணா, மெதுவாக விட்டுவிடலாமே” என்றார். விட்டேன். அந்த மருந்து முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதை டாக்டர் சொல்லியிருந்தார். எட்டாம் வாரம் ஸ்டீராய்டும் முடிந்தது. பிறகு என் குடலுக்குக் காவல் என்று எதுவுமே இல்லை. பத்தாம் வாரம் பேதி திரும்பியது. கேட்டபோது, “உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, நல்ல அறிகுறி” என்றார். வலி குறைந்தால் பொடியின் மகிமை, கூடினால் கழிவு வெளியேற்றம். எப்படி விழுந்தாலும் தலைதான், அந்த நாணயத்தில் பூ கிடையாது.

டாக்டரிடம் அடுத்த பரிசோதனைக்குப் போகவில்லை. திட்டுவார் என்று பயம். அது என் தவறு, யார் மேலும் போட மாட்டேன்.

பதின்மூன்றாம் வாரம் ஒரு ஞாயிறு. காலையில் வாழைத்தண்டுச் சாறு வடிகட்டாமல், மதியம் கம்மங்களியும் பச்சைக் காய்கறிக் கலவையும், மாலையில் கொய்யா. எல்லாம் அவர்கள் பட்டியலில் உள்ளவை. இரவு எட்டு மணிக்கு வயிறு கல்லாக இறுகியது. வலி அலையலையாக வந்தது, பச்சை நிறத்தில் வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை. ஆலோசகருக்குச் செய்தி அனுப்பினேன், “வெந்நீர் குடியுங்கள்” என்று பதில். நல்லவேளை, என் தங்கை அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள்.

குடல் அடைப்பு. சுருங்கிய இடத்தில் நாரும் விதையும் சிக்கியிருந்தன. மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய், வாய்க்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது, நரம்பு வழியே ஸ்டீராய்டு. அறுவை சிகிச்சை டாக்டர் இரண்டு முறை வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். கத்தி படாமல் ஆறாம் நாள் வீடு திரும்பினேன். எடை 49.

கம்பு நல்ல தானியம்தான். என் பாட்டி அதைச் சாப்பிட்டு 91 வயது வரை இருந்தார். அவர் குடல் சுருங்கியிருக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் வேறு சில கணக்குகளும் வெளிவந்தன. பி12 அடிமட்டத்தில். அந்த வைட்டமின் உறிஞ்சப்படுவதே சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். எனக்குப் புண் இருப்பதும் அங்கேயே. நான் மென்ற மிட்டாயில் ஒரு மைக்ரோகிராம் பி12. இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். இரும்புச் சத்தும் நரம்பு வழியாகவே ஏற்றினார்கள், அழற்சி இருக்கும்போது மாத்திரை சரியாகச் சேராதாம். கற்றாழைச் சாறு பேதியைக் கூட்டக்கூடியது. பேதிக்காரனுக்கு அதைத்தான் காலையும் மாலையும் கொடுத்திருக்கிறார்கள். புரோபயாடிக்கைப் பொறுத்தவரை, அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குரோனுக்கு அதை ஆய்வுகளுக்கு வெளியே பரிந்துரைக்கவில்லை.

ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியும் ரத்தத்தில் ஏறியிருந்தது. அசாதயோபிரினை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்ததால் அதன் மேல் பழி போட வழியில்லை. பொடி டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார் டாக்டர். ‘சீந்தில் மற்றும் 11 அரிய மூலிகைகள்’ என்று இருந்தது. எவை, எவ்வளவு என்று இல்லை. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புக்காகச் சீந்தில் குடித்துச் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். எதிர்ப்பு சக்தி அளவு மீறித் தன் குடலையே தாக்குவது என் நோய். அதற்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பொடி! அதை நிறுத்திய ஆறு வாரத்தில் நொதி இறங்கியது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. தயாரிப்புத் தேதியின் மேல் இன்னொரு தேதி ஒட்டியிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “நீங்கள் நன்றாக மென்று சாப்பிடவில்லை” என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு 12,000 தருகிறோம், எங்கும் எழுதக் கூடாது என்று இறங்கி வந்தார்கள். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஜிபே ரசீதுகளும் வாட்ஸ்அப் உரையாடல்களும்தான் என் ஆதாரம். ஆத்திரத்தில் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

இப்போது ஆஸ்பத்திரியிலேயே ஓர் உணவியல் நிபுணரைப் பார்க்கிறேன். கட்டணம் 600 ரூபாய். முதல் நாள் வணக்கம் சொன்ன கையோடு அவர் கேட்டது ஸ்கேன் ரிப்போர்ட். பத்து நிமிடம் அதைப் படித்தார். பிறகுதான் உணவைப் பற்றிப் பேச்சு. இட்லி, குழைந்த சோறு, தோலும் விதையும் எடுத்து வேகவைத்த பீர்க்கங்காய், சுரைக்காய், பூசணி, முட்டை, முள் இல்லாத மீன். தயிர் ஒத்துக்கொள்கிறது, பால் உப்புசம் தருகிறது. ராகிக் கஞ்சி என்றால் வடிகட்டி. இந்தப் பட்டியல் என் நான்கு சென்டிமீட்டருக்கானது. உங்கள் குடலுக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரிக்காத பொடி டப்பா இரண்டு பீரோவில் இருக்கின்றன. அம்மாவுக்கு அவற்றைப் பார்த்தாலே எரிச்சல், குப்பையில் போடச் சொல்கிறார். அடுத்த விசாரணைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.